அயல்நாட்டு டிராக்டரும் நம் நாட்டு டிராக்டரும்



திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், மணப்பாறையைக் கடந்ததும் வருவது வையம்பட்டி. அதுவே என் ஊர். காவிரியும் கொள்ளிடமும் அணைத்து வளர்க்கும் திருவரங்கத்து வயல்களைக் கண்டவர்கள் எங்கள் ஊருக்கு வந்தால், இதுவும் அதே மாவட்டந்தானா என்று ஐயுறுவார்கள். எங்களுடையது செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். வானம் பார்த்த பூமி. கடலையும் சோளமும் கம்பும் பயறும் எங்கள் பயிர்கள். அங்கே மழை பெய்தபின் மண்ணில் ஈரம் நிற்பது சில நாட்களே. அந்தச் சில நாட்களுக்குள் உழுது விதைத்தவன் அறுப்பான். தவறியவன் அடுத்த மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். டிராக்டரைப் பற்றி நான் இன்று சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஈரமே அடிப்படை.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பை ஒரு சாலில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலத்தைக் கீறிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் ஏக்கரை ஒருமுறை உழுவதற்கு உழவன் மாடுகளின் பின்னே 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூன்று உழவு என்றால் 60 கிலோமீட்டர். வையம்பட்டியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நடந்துபோகும் தொலைவைக் காட்டிலும் இது அதிகம். ஒரு சோடி எருதுகள் தொடர்ந்து தரக்கூடிய வலிமை ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். ஆகவே ஓர் ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க இரண்டு நாட்கள் பிடிக்கும். 35 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரோ, இரண்டு மீட்டர் அகலமுள்ள கொத்துக் கலப்பையைப் பூட்டிக்கொண்டு, அதே ஏக்கரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் முடித்துவிடும். திருப்பங்களையும் சேர்த்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தீரும். ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டிய ஊருக்கு இந்த வேறுபாடு எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு டிராக்டர் வந்த வரலாறு சுவையானது. நாம் விடுதலை பெற்ற காலத்தில் இங்கு ஓடிய டிராக்டர்கள் அனைத்தும் கப்பலில் வந்தவையே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற சங்கிலிச்சக்கர வண்டிகளைக் கொண்டு, மத்திய டிராக்டர் நிறுவனம் நடு இந்தியாவில் காடுபோல் மண்டிக்கிடந்த காண்சுப் புல்லை அழித்து நிலம் திருத்தும் வேலையைத் தொடங்கிற்று. இப்பணிக்கு வேண்டிய கனரக இயந்திரங்களை வாங்க 1949-இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் அளித்தது. 1956-இல் சோவியத் நாடு நன்கொடையாகத் தந்த இயந்திரங்களைக் கொண்டு இராசஸ்தானத்தில் சூரத்கர் இயந்திரப் பண்ணை எழுந்தது. இவை அரசின் முயற்சிகள். தனிப்பட்ட உழவர்களோ இங்கிலாந்து, அமெரிக்கா, செருமனி முதலிய நாடுகளில் செய்த பெர்கூசன், போர்ட்சன், இண்டர்நேஷனல், லான்ஸ் போன்ற வண்டிகளை வாங்கினார்கள். 1951-இல் நாடு முழுவதிலும் எட்டாயிரத்துச் சொச்சமாக இருந்த டிராக்டர்களின் தொகை, 1960-இல் ஏறக்குறைய 37,000 ஆயிற்று.

அயல்நாட்டு வண்டிகளிடமிருந்து நாம் பெற்ற நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பழைய டிராக்டர்களில் கலப்பையை வண்டிக்குப் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டி இழுப்பார்கள். கலப்பை பாறையில் முட்டினால் வண்டி முன்புறம் தூக்கிக்கொண்டு, ஓட்டுநர் மீதே கவிழ்வதுண்டு. பாறையும் சரளையுமான எங்கள் மண்ணில் இது சிறிய ஆபத்தன்று. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்கூசன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கலப்பையை இரண்டு கீழ்க்கைகளாலும் ஒரு மேற்கையாலும் முக்கோணமாக வண்டியோடு இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதை ஏற்றவும் இறக்கவும் செய்தார். கலப்பை மண்ணில் ஆழும்போது மேற்கை வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. அதனால் முன்சக்கரம் தரையை விட்டு எழுவதில்லை. அதோடு, கலப்பையின் சுமையும் மண்ணின் இழுவிசையில் ஒரு பகுதியும் பின்சக்கரத்தின் மேல் வந்து அமர்வதால், இலேசான வண்டியே சறுக்காமல் இழுக்கிறது. 1939-இல் போர்டு கம்பெனியோடு சேர்ந்து இம்முறையைப் பெருந்தொகையில் செய்யலானார். 1946 முதல் இங்கிலாந்தில் கவென்றி நகரில் உருவான அவருடைய சிறிய சாம்பல்நிற டிராக்டர், பத்தே ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. இன்று உலகில் எந்த டிராக்டரின் பின்புறத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று கைகளைக் காணலாம். நன்கு ஆராய்ந்து, பல நாட்டு மண்ணில் ஓட்டிப்பார்த்துத் தேர்ந்த அமைப்பு நமக்கு ஆயத்தமாகக் கிடைத்தது. இஃது அயல்நாட்டு வண்டியின் தலையாய சிறப்பு.

இனி அதன் குறையைச் சொல்ல வேண்டும். அதற்கு என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றே போதும்.

என் பெரியப்பா 1967-இல், முன்னரே சில ஆண்டுகள் ஓடிய அயல்நாட்டு டிராக்டர் ஒன்றை வாங்கினார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. பணத்துக்காக மூன்று சோடி உழவு மாடுகளில் இரண்டை மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று விற்றார். மாடுகள் கைமாறியபோது பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனினும் முதல் இரண்டு ஆண்டுகள் அந்த வண்டி எங்கள் குடும்பத்துக்குக் கற்பகத்தருவாக இருந்தது. சுற்றுப்புற ஊர்களிலிருந்தெல்லாம் வாடகைக்கு அழைத்தார்கள்.

1969-ஆம் ஆண்டு ஆடி மாதம் நல்ல மழை பெய்தது. மறுநாள் விடியற்காலையில் வண்டியைக் கிளப்பினால் அது கிளம்பவில்லை. மணப்பாறையிலிருந்து வந்த மெக்கானிக் அரைநாள் பிரித்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் பீய்ச்சும் பம்பில் உள்ள உருளைத்தண்டு தேய்ந்துபோயிற்று என்றார். டீசல் எஞ்சினில் எரியெண்ணெயை மிகுந்த அழுத்தத்தோடு உள்ளே பீய்ச்சுவது அந்தத் தண்டுதான். அதற்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. நம் தலைமயிரின் பருமனோ அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். புஷ், போல்ட், அச்சு முதலியவற்றை மணப்பாறை லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். இத்தகைய நுட்பமான பாகத்தை அங்கே கடைய முடியாது. சென்னைக்குக் கடிதம் எழுதினோம். பாகம் கையிருப்பில் இல்லை, கடல்கடந்து வரவேண்டும் என்று பதில் வந்தது.

பெரியப்பா எஞ்சியிருந்த ஒரே சோடி மாட்டைப் பூட்டினார். வாடகைக்கு ஏர் தேடினார். ஊரில் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தில் இருக்கும்போது யார் ஏர் தருவார்கள்? ஐந்து நாட்களில் ஈரம் காய்ந்தது. பன்னிரண்டு ஏக்கரில் நான்கு ஏக்கர்தான் விதை கண்டது. அந்தச் சிறு பாகம் தை மாதத்தில் தபாலில் வந்து சேர்ந்தது. என் சுண்டுவிரல் நீளங்கூட இல்லை. பெரியப்பா அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத்துணூண்டு இரும்புக்கு எட்டு ஏக்கர் போச்சுடா தம்பி” என்றார். எட்டாம் வகுப்பு மாணவனாயிருந்த நான் பிற்காலத்தில் இயந்திரங்களைப் படிக்கச் சென்றதற்கு அந்தச் சொல்லே காரணம்.

நண்பர்களே, அந்த வண்டி தரத்தில் குறைந்ததன்று. தேயாத இயந்திரம் உலகில் இல்லை. தேயும் பாகத்துக்கு மாற்றுப்பாகம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. இந்த உண்மையை அமெரிக்க உழவர்கள் வெகு காலத்துக்கு முன்னரே உணர்ந்தார்கள். அங்கே நெப்ராஸ்கா மாநிலத்தில் 1919-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். டிராக்டரை அரசுப் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்த பின்னரே மாநிலத்தில் விற்கலாம் என்பதோடு, உதிரிப் பாகங்களை மாநிலத்துக்குள்ளேயே இருப்பு வைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கட்டளையிட்டது. தம் நாட்டுத் தொழிற்சாலைகளின் வண்டிகளை வாங்கியவர்களுக்கே அத்தகைய காப்பு வேண்டியிருந்தது என்றால், கடல்கடந்து வாங்கிய நம் நிலையை நீங்களே எண்ணிப்பார்க்கலாம். நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி என்னும் ஊரில் டிராக்டர்ப் பயிற்சி நிலையம் 1955-இல் அமைந்தது. பின்னர் அங்கே சோதனையும் நடைபெறலாயிற்று.

நம் நாட்டில் டிராக்டர் செய்யும் முயற்சி 1959-இல் பிறந்தது. தில்லியை அடுத்த பரீதாபாதில், செருமானிய ஐஷர் கம்பெனியின் துணையோடு முதல் டிராக்டர் வெளிவந்தது. மறு ஆண்டு, அதாவது 1960-இல், சிம்ப்சன் குழுமத்தின் தலைவர் அனந்தராமகிருஷ்ணன் சென்னையில் ‘டாபே’ நிறுவனத்தை மாசி பெர்கூசன் கம்பெனியின் கூட்டுறவோடு நிறுவினார். முன்னே சொன்ன பெர்கூசனின் மூன்று கைகள் இவ்வாறு செம்பியத்தில் உருவாகலாயின. 1963-இல் மகிந்திரா குழுமம் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு கூடிப் பம்பாயில் தொடங்கிற்று. 1961-62-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் செய்யப்பட்ட டிராக்டர்கள் 880 மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை நீங்கள் அறிய வேண்டும். ‘உள்நாட்டு டிராக்டர்’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிட்டாலும் அதில் மூன்று படிகள் உண்டு. அயல்நாட்டுப் பாகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டுவது முதற்படி. அயல்நாட்டார் வரைந்த படத்தைப் பார்த்து, பாகங்களை இங்கேயே வார்த்தும் கடைந்தும் செய்வது இரண்டாம் படி. படத்தையே நாம் வரைவது மூன்றாம் படி. முதற்படியில் நிற்கும் வண்டி பழுதானால், என் பெரியப்பாவைப் போலக் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டாம் படிக்கு ஏறினால் பாகம் இங்கே கிடைக்கும். மூன்றாம் படிக்கு ஏறினால்தான் நம் மண்ணுக்கும் நம் மடிக்கும் ஏற்ற வண்டியை நாமே முடிவு செய்யலாம். துர்க்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் இந்த மூன்றாம் படியில் கால்வைத்தார்கள். அவர்கள் வரைந்த 20 குதிரைத்திறன் டிராக்டரை அடிப்படையாகக் கொண்டு, 1970-இல் அமைந்த பஞ்சாப் டிராக்டர் நிறுவனம், 1974 முதல் மொகாலியில் ‘சுவராஜ்’ என்னும் பெயரில் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும்.

உள்நாட்டு வண்டிகள் தொடக்கத்திலேயே குற்றமற்று விளங்கின என்று சொல்லமாட்டேன். 1976-இல் பெரியப்பா அந்தப் பழைய வண்டியை விற்றுவிட்டு, நம் நாட்டில் செய்த ஒன்றை வாங்கினார். அதில் எண்ணெய் ஒழுகிற்று. உயர்த்திய கலப்பை, வண்டியை நிறுத்திய கால்மணி நேரத்தில் தானே இறங்கித் தரையைத் தொட்டது. வண்ணம் ஒரே கோடையில் வெளிறியது. ஆனால் பழுது என்று சொல்லியனுப்பினால், திருச்சிராப்பள்ளியிலிருந்து மாலைப் பேருந்தில் மெக்கானிக் வந்து இறங்குவார். வேண்டிய பாகம் அவருடைய துணிப்பையில் இருக்கும். அடிக்கடி எண்ணெய் துடைத்துச் சலித்த நான் ஒருநாள் முணுமுணுத்தபோது, பெரியம்மா, “ஒழுகுனா ஒழுகட்டும், ஓடுதுல்ல?” என்றார். டிராக்டர் ஒப்பீட்டைப் பற்றி நான் படித்த நூல்களில் இதைவிடச் சுருக்கமான முடிவுரையைக் கண்டதில்லை.

இரண்டையும் வேறொரு வகையிலும் ஒப்பிடலாம். நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே பரப்பாகக் கிடக்கும் நாடுகளுக்கென வரைந்த பெரிய வண்டி, அரை ஏக்கர் துண்டும், அதைச் சுற்றி வரப்பும், நடுவே கிணறும் உள்ள நம் கொல்லையில் திரும்புவதற்கே இடம் தேடும். மேலும் நம் ஊரில் டிராக்டர் உழுவதோடு ஓய்வதில்லை. பெட்டி கட்டிக்கொண்டு எரு ஏற்றும், செங்கல் ஏற்றும், கதிரடிக்கும், திருவிழாவுக்கு ஆளையும் ஏற்றும். நன்செய்யில் இறங்கும்போது டயருக்கு மாற்றாகவோ துணையாகவோ இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேறு கலக்க வேண்டும். அந்நிலையில் சேறு அச்சுக்குள் புகாதவாறு காப்பு வேண்டும். புழுதியில் உழும்போது காற்று வடிகட்டியை நாள்தோறும் பார்க்க வேண்டும். இவ்வாறான தேவைகள், வண்டி செய்பவருக்கு இந்த வயல்களோடு பழக்கம் ஏற்பட ஏற்படத்தான் வண்டியில் இடம்பெறும்.

திருவரங்கத்தையும் தஞ்சையையும் சேர்ந்த மாணவர்கள் தங்கள் வட்டாரத்துக் கதை ஒன்றையும் இதனோடு இணைத்துப் பார்க்கலாம். 1939-இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம், 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றி ஓயாது எடுத்துரைத்தது. உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டார்கள். குறுவையை அறுத்தவுடன் தாளடிக்கு வயலை ஆயத்தம் செய்ய வேண்டியிருந்ததால், அங்கும் நாட்கள் விலைமதிப்புடையவை ஆயின. வறண்ட வையம்பட்டியும் வளமான காவிரிக்கரையும் வெவ்வேறு காரணங்களால் ஒரே இயந்திரத்தை நாடின. தேவை பெருகியது, ஆனால் வண்டிகள் போதவில்லை. செக்கோஸ்லோவாக்கியா, சோவியத் நாடு முதலியவற்றிலிருந்தும் அக்காலத்தில் டிராக்டர்கள் வந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் நாடு அந்நியச் செலாவணியைக் கொடுத்தது. உள்நாட்டு உற்பத்தி பெருகிய பின்னரே 1970-களில் இறக்குமதி ஒடுங்கிற்று.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்கு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் உருவாகின்றன. எண்ணிக்கையில் உலகில் நாமே முதல்வர். ஏறக்குறைய ஒரு இலட்சம் வண்டிகள் ஆண்டுதோறும் அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. டிராக்டரை நமக்கு அனுப்பிய அமெரிக்காவிலேயே 1994 முதல் மகிந்திரா கம்பெனி தன் வண்டிகளை விற்கிறது. மறுபுறம், அமெரிக்க, சப்பானிய நிறுவனங்கள் இந்தியாவிலேயே ஆலை அமைத்துள்ளன. ஐஷர் டிராக்டர்த் தொழில் 2005-இல் டாபேயிடம் சேர்ந்தது. சுவராஜ் 2007-இல் மகிந்திராவிடம் சேர்ந்தது. ஆகையால் பெயர்ப்பலகையைப் பார்த்து இது அயல்நாட்டது, இது நம்முடையது என்று பிரிப்பது இப்போது எளிதன்று.

உள்நாட்டில் செய்தது என்ற ஒன்றே போதும் என்று கருதிவிடவும் கூடாது. 1971-இல் டிராக்டர் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-இல் அரசு முடிவு செய்தது. ஆலை மூடப்பட்டால், நம் மண்ணில் பிறந்த வண்டியும் நாளடைவில் கப்பலில் வந்த வண்டியின் நிலையை அடையும். செய்த இடம் மட்டும் உழவனைக் காப்பதில்லை. செய்பவன் தொடர்ந்து செய்வதும், பாகம் அருகில் கிடைப்பதும், பழுது பார்க்கும் கை உள்ளூரில் இருப்பதும் சேர்ந்தே காக்கின்றன.

ஆகவே, அடுத்த முறை சாலையோரத்தில் ஒரு டிராக்டர் நிற்கக் கண்டால், அது எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். அதன் பின்புறத்து மூன்று கைகளைப் பாருங்கள். அதன் உரிமையாளரிடம், “ஐயா, இது பழுதானால் பாகம் எங்கே கிடைக்கும்? வந்துசேர எத்தனை நாளாகும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாட்களையும், உங்கள் ஊர் மண்ணில் மழையின் ஈரம் நிற்கும் நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எண் இரண்டாம் எண்ணைவிடச் சிறியதாயிருந்தால் அது நல்ல வண்டி. அது எந்நாட்டில் பிறந்ததாயினும் சரி.

என் பெரியப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. தேய்ந்துபோன அந்தச் சிறு உருளைத்தண்டு இன்றும் என் மேசை மேல் இருக்கிறது. மாணவர்கள் என்னைப் பார்க்க வரும்போது அதை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பேன். எடை மிகக் குறைவு என்பார்கள். எட்டு ஏக்கர் எடை என்பேன் நான்.